முகங்களை நாம் வாசிக்கும் விதம்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் இடம்பெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உளநலம் பற்றி ஏதாவது கதையுங்கோ. பிள்ளையளுக்கும் விளங்கவேணும், எங்களுக்கும் நித்திரை வரக்கூடாது" என்று செயலாளர் அக்கா தொலைபேசியில் கட்டளையிட்டார். அக்காமாரின் கட்டளையை மீறும் துணிவு நாற்பது வயது கடந்த பின்னும் எங்களுக்கு வரவில்லை. ஆகவே, நம் எல்லாரிடமும் உள்ள, நாள்தோறும் நாம் பயன்படுத்துகின்ற ஒரு திறனைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். மற்றவர் முகத்தைப் பார்த்து அவர் மனதை ஊகிக்கும் திறன் அது. சமூகப் பதகளிப்பு, மனச்சோர்வு ஆகிய இரு நோய்களும் அந்தத் திறனை எப்படி மாற்றிவிடுகின்றன என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இந்த மண்டபத்தில் நடந்த ஒரு சம்பவம். இதைச் சொல்ல உரியவளிடம் சம்மதம் பெற்றிருக்கிறோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஊரோடு வெளியேறி, அடுத்த ஆண்டு திரும்பி வந்து, உடைந்த வாங்குகளை நாங்களே துடைத்து அடுக்கிப் படித்த தொகுதி எங்களுடையது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மேடையேறி ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்பது அக்கால நடைமுறை. அன்று அவளின் முறை. எங்களுள் அவள்தான் கெட்டிக்காரி. தாவரவியல் படங்களை அவளின் கொப்பியைப் பார்த்துத்தான் நாங்கள் கீறுவோம். அவள் பேசத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிராது, முகட்டில் கூடு கட்டியிருந்த குருவியின் வைக்கோல் துரும்பொன்று ஓர் ஆசிரியையின் கொண்டையில் வந்து விழுந்தது. மூன்றாம் வரிசையில் நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். அடக்கப் பார்த்தோம். அடக்க அடக்கச் சிரிப்புக் கூடியது. மேடையில் நின்றவள் எங்களைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தினாள், தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இடைவேளையில் அவளிடம் போய்த் துரும்புக் கதையைச் சொன்னோம். "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். விடயம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அதன் பிறகு அவள் மேடை ஏறவில்லை. அவளின் முறை வரும் நாட்களில் காய்ச்சல் என்று வரமாட்டாள். பல்கலைக்கழகம் போனாள், பட்டமும் பெற்றாள். நேர்முகப் பரீட்சைக்கு மூன்று தடவை அழைப்பு வந்தது. மூன்றுக்கும் அவள் போகவில்லை. இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து ஒரு கலியாண வீட்டில் அவளைச் சந்தித்தோம். சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டத்தருகே நின்றபோது மெதுவாகக் கேட்டாள்: "அண்டைக்கு நீங்கள் என்னைப் பாத்துத்தானே சிரிச்சனீங்கள்?" எங்களுக்கு எந்த நாள் என்றுகூட முதலில் பிடிபடவில்லை. துரும்புக் கதையை மறுபடி சொன்னோம். "நீங்கள் அப்பவும் அதைத்தான் சொன்னனீங்கள். என்னைச் சமாளிக்கச் சொல்லுறியள் எண்டு நினைச்சனான்" என்றாள்.

அவள் கண்ட முகங்களும் எங்கள் முகங்களும் ஒன்றுதான். ஆனால் அவள் வாசித்தது வேறு.

முகக்குறிப்பை அறிவது நமது மரபில் பெரிய கலையாகக் கருதப்பட்டது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலிலும் மற்றது காமத்துப்பாலிலும் வருகின்றன. அரசவைக்கும் காதலுக்கும் ஒரே திறன் தேவை என்று வள்ளுவர் கண்டிருக்கிறார். மேற்கில் சாள்ஸ் டார்வின் 1872 இல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றித் தனி நூலே எழுதினார். கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன் மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறையும் அடிப்படை முகபாவங்களாக முன்வைத்தார். இந்த ஆறும் எல்லாப் பண்பாடுகளுக்கும் எவ்வளவு தூரம் பொது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இந்த மேடையில் பரதம் பயின்ற தங்கைமாருக்கு அந்தப் பட்டியல் புதிதாகத் தோன்றாது.

மேடையில் அபிநயம் பிடிப்பவர் கோபத்தை முழுக்கோபமாகக் காட்டுவார். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது விளங்கவேண்டும். வாழ்க்கையில் முகங்கள் அப்படி இருப்பதில்லை. அரைச் சிரிப்பு, களைப்பு, யோசனை, வெயிலுக்குச் சுருங்கிய கண், இவைதான் நாம் அதிகம் காணும் முகங்கள். வகுப்பறைக்குள் நுழையும் ரீச்சரின் புருவம் நெரிந்திருந்தால் அது கோபமாக இருக்கலாம், தலையிடியாக இருக்கலாம், வீட்டில் எரிவாயு முடிந்திருக்கலாம். முகம் பாதிதான் சொல்லும். மீதியை எழுதுவது நமது மனம். மனம் நலமாக இருக்கும்போது மீதி பெரும்பாலும் சரியாக எழுதப்படும், தவறினாலும் விரைவில் திருத்தப்படும். மனம் நோயுற்றிருக்கும்போது ஒரே வசனமே திரும்பத் திரும்ப எழுதப்படும்.

சமூகப் பதகளிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். இதை வெறும் கூச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. கூச்சமுள்ள பிள்ளை சிறிது நேரத்தில் பழகிவிடும். சமூகப் பதகளிப்பு உள்ள பிள்ளைக்கோ பிறர் தன்னை எடைபோடுவார்கள், இகழ்வார்கள் என்ற பயம் வாழ்க்கையையே சுருக்கிவிடுகிறது. கேள்விக்கு விடை தெரிந்தும் கை உயர்த்தாது, கன்ரீனுக்குப் போகாது, பிறர் பார்க்கச் சாப்பிடாது. இது பெரும்பாலும் பதின்ம வயதில், அதாவது இந்தப் பாடசாலை வயதில்தான் தொடங்குகிறது. 'நல்ல அமைதியான பிள்ளை' என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதிவிட்டு நாம் கடந்துபோகிறோம்.

இவர்கள் முகங்களை வாசிக்கும்போது என்ன நடக்கிறது? யூட்டா யோர்மன், இயன் கொட்லிப் என்ற இரு ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை அழகாகக் காட்டுகிறது. கணினித் திரையில் ஒரு முகம் தோன்றும். முதலில் அதில் எந்த உணர்ச்சியும் இராது. பிறகு சிறிது சிறிதாகச் சிரிப்போ துயரமோ கோபமோ ஏறிக்கொண்டே போகும். அது எந்த உணர்ச்சி என்று தெரிந்த கணத்தில் பார்ப்பவர் பொத்தானை அழுத்தவேண்டும். சமூகப் பதகளிப்பு உள்ளவர்கள் மற்றவர்களை விட முன்னதாகவே, கோபம் மெல்லியதாக இருக்கும்போதே, அதைச் சரியாக இனங்கண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்கள் இல்லாத கோபத்தைக் கண்டுவிடவில்லை. இருந்த கோபத்தைச் சீக்கிரம் கண்டார்கள். அதாவது அவர்கள் முகம் வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஆபத்து என்ற ஒரு பக்கத்தை மட்டும் மிக விரைவாகத் திறப்பவர்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்றாலும், தெளிவில்லாத முகத்தையும் தெளிவில்லாத சம்பவத்தையும் தமக்கு எதிரானதாக எடுத்துக்கொள்ளும் போக்கு இவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

அடுத்து நடப்பதுதான் கொடுமையானது. கோபம் என்று பட்டதும் கண் தாழ்ந்துவிடும். கவனம் எதிரில் நிற்பவரை விட்டுத் தன்மேலேயே திரும்பும். குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, கை வியர்க்கிறதா என்று உள்ளே ஒரு விசாரணை தொடங்கும். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரித்தானிய உளவியலாளர்கள் 1995 இல் இந்தச் சுழலை விளக்கினார்கள். தான் எப்படித் தோன்றுகிறோம் என்பதை அறிய இவர்கள் எதிரிலுள்ள முகங்களைப் பார்ப்பதில்லை. தம் உள்ளே எழும் பதற்றத்தையே சான்றாகக் கொள்கிறார்கள். அதனால், முதலில் கண்ட முகச்சுழிப்பு அடுத்த கணமே புன்னகையாக மாறினாலும் அவர்கள் அதைக் காண்பதில்லை. எங்கள் தோழி மேடையிலிருந்து எங்களைப் பார்த்தது இரண்டு விநாடிதான். இன்னும் ஐந்து விநாடி பார்த்திருந்தால் எங்கள் கண்கள் ஆசிரியையின் கொண்டைமேல் இருந்ததைக் கண்டிருப்பாள். அந்த ஐந்து விநாடியைத்தான் நோய் அவளுக்குக் கொடுக்கவில்லை.

மனச்சோர்வின் வேலை வேறு விதம். மேலே சொன்ன அதே ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்களும் பங்குபற்றினார்கள். சிரிப்பை அறிய அவர்களுக்கு மற்றவர்களை விட நன்றாக மலர்ந்த முகம் தேவைப்பட்டது. துயரத்தை அறியவோ கோபத்துக்குத் தேவைப்பட்டதை விடக் குறைந்த அளவே போதுமாக இருந்தது. இதற்கு முன்னர், 1992 இல், ரூபன் குர் என்பவரின் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்விலும் மனச்சோர்வுற்றவர்கள் மகிழ்ந்த முகத்தைச் சாதாரண முகமாகவும், சாதாரண முகத்தைத் துயர முகமாகவும் எடுத்துக்கொள்ளும் சாய்வு தெரிந்தது. முகங்கள் எல்லாமே ஒரு படி கீழே இறங்கிவிடுகின்றன.

ஒரு படிதானே என்று தோன்றலாம். ஒரு வீட்டுக்குள் அதைப் பொருத்திப் பாருங்கள். மகள் தேநீர் கொண்டுவந்து சிறிதாகச் சிரிக்கிறாள். தாய்க்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. கடமைக்குத் தந்துவிட்டுப் போவதாகத் தெரிகிறது. வேலையால் வரும் கணவன் களைப்போடு செருப்பைக் கழற்றுகிறான். 'என்னைக் கண்டாலே இவருக்கு அலுப்பு' என்று மனைவிக்குப் படுகிறது. நாளொன்றுக்கு இப்படிப் பத்து வாசிப்பு என்றால் ஆறு மாதத்தில் எத்தனை? தன்னை எவருக்கும் வேண்டாம், தான் இவர்களுக்குப் பாரம் என்ற முடிவுக்கு அவர் வருவது திடீரென்று அல்ல. ஒவ்வொரு முகமும் அதற்குச் சாட்சி சொன்னதாக அவர் நம்புகிறார். தற்கொலை எண்ணத்தோடு எங்களிடம் வந்த பலர், "வீட்டில நான் இல்லாட்டில் எல்லாருக்கும் நிம்மதி" என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே வாங்கில் அந்த வீட்டார் அழுதுகொண்டு இருப்பார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனச்சோர்வு பிறர் முகத்தை மங்கச் செய்வதோடு, உரியவரின் முகத்திலும் அசைவைக் குறைத்துவிடும். சிரிப்புக்குச் சிரிப்பு வராது. கதைக்குத் தலையசைப்பு வராது. அதை நாமும் தவறாகவே வாசிக்கிறோம். 'முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள்', 'சரியான எடுப்பு', 'வெளிநாட்டுக் காசு வந்தவுடன் மாறிவிட்டாள்' என்கிறோம். பிறகு நாம் கொஞ்சம் விலகுவோம். அந்த விலகல் உண்மையானது. அதை அவர் சரியாகவே வாசித்துவிடுவார்!

பிள்ளை பெற்ற தாய்மாரில் இது மிகவும் கவனிக்கவேண்டிய விடயம். எட்வர்ட் ட்ரொனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு பரிசோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடும் தாய், சில நிமிடம் எந்த அசைவும் இல்லாத முகத்தோடு குழந்தையைப் பார்த்திருக்கவேண்டும். சில மாதமே ஆன குழந்தை முதலில் சிரித்து அழைக்கும். மீண்டும் மீண்டும் அழைக்கும். பலனில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிச் சோர்ந்துவிடும். பேச்சு வருவதற்கு எவ்வளவோ முன்பே நாம் முகம் வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுற்ற தாய்க்கு 'பத்தியம் போதாது', 'பிள்ளை பாக்கத் தெரியாது' என்று குற்றம் சொல்வதால் அவளின் முகம் மலராது. அவளுக்கு நித்திரையும் துணையும் சிகிச்சையும் வேண்டும். சிகிச்சை தாய்க்கு மட்டுமன்றிக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

நமது மண்ணுக்குரிய ஒன்றையும் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் தலைமுறை சோதனைச் சாவடிகளில் முகம் வாசிக்கப் பழகியது. சைக்கிளை விட்டு இறங்கி அடையாள அட்டையை நீட்டும்போது, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்தே இன்று விடுவானா, மறிப்பானா என்று கணிப்போம். கோபத்தை முன்கூட்டியே அறிவது அன்று உயிர் காக்கும் வழி. அதை நோய் என்று சொல்லமுடியாது. ஆனால் சாவடிகள் எடுபட்ட பின்னும் சிலரின் கண்கள் அந்த வேலையை விடவில்லை. வங்கியிலும் கச்சேரியிலும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்திலும் அதே கண்ணோடுதான் நிற்கிறார்கள். அவர்கள் எங்களிடம் வந்து பயம் என்று சொல்வதில்லை. நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, உடம்பு உளைவு என்பார்கள். "சுகமா இருக்கிறியளோ அம்மா?" என்றால், "ஓம் டொக்டர், சுகம்" என்று மரியாதைக்குச் சிரிப்பார்கள். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் அந்தச் சிரிப்பை நம்பி அனுப்பிவைத்த தவறு வைத்தியர்களாகிய எங்களுக்கும் உண்டு. வாய் மட்டும் சிரிக்கும் சிரிப்புக்கும் கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை டுஷேன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862 இலேயே எழுதிவைத்தார். அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவர்கள்தான் நாங்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டு என்பதே இன்று நாம் கொண்டுவந்த நல்ல செய்தி. வாசிப்பு மாறக்கூடியது.

சமூகப் பதகளிப்புக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. தன்னை நோக்கித் திரும்பிய கவனத்தை வெளியே திருப்பப் பழக்குவோம். பேசுவதைக் காணொளியாக எடுத்து அவர்களுக்கே காட்டுவோம். தாம் நினைத்த அளவுக்கு நடுங்கவில்லை, சிவக்கவில்லை என்பதைக் கண்டு பலர் வியந்துபோவார்கள். பிறகு சிறு சிறு பரீட்சார்த்தங்கள்: கடைக்காரரிடம் விலை கேட்டு அவரின் முகத்தை முழுதாக ஐந்து விநாடி பார்த்துவிட்டு வருவது, 'அவர் கோபித்தார்' என்று எழுதாமல் கண்டதை மட்டும் எழுதுவது. தேவையானவர்களுக்கு மருந்தும் உண்டு.

மனச்சோர்வு பற்றி ஒக்ஸ்போர்ட்டில் கதரின் ஹார்மரின் குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்குப் பெரிய நம்பிக்கை தந்தது. மனச்சோர்வு மருந்தின் ஒரே ஒரு வேளை அளவு, சில மணி நேரத்துள், நோயாளர்கள் மகிழ்ந்த முகங்களை இனங்காணும் திறனைக் கூட்டியது. அவர்களின் மனநிலை அப்போது மாறியிருக்கவில்லை. முதலில் வாசிப்புத் திருந்துகிறது. திருந்திய வாசிப்போடு சில வாரங்கள் மனிதரிடையே வாழ்ந்த பிறகு மனம் தேறுகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். ஆகவே ஒரு குளிசையோடு சுகம் வந்துவிடும் என்று எண்ணவேண்டாம். அதேபோல, 'ஒரு கிழமை போட்டேன், ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்தியும் விடவேண்டாம். அந்த வாரங்களில் அவரைச் சுற்றிப் பார்க்கத்தக்க முகங்கள் இருக்கவேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டாருடையதும் நண்பர்களுடையதும்.

ஆசிரியர்களுக்கும் தங்கைமாருக்கும் சில வார்த்தைகள். முகத்தால் மட்டும் பேசாதீர்கள், வாயாலும் சொல்லுங்கள். "எனக்கு உன்னில கோவம் இல்லை, தலையிடிக்குது" என்ற ஒரு வசனம் ஒரு பிள்ளையின் இரவைக் காப்பாற்றும். மேடைக்குப் பயந்த பிள்ளையைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம், முற்றாக விட்டுவிடவும் வேண்டாம். முதலில் இரண்டு தோழியர் முன், பிறகு வகுப்பில், அதன்பின் மண்டபத்தில் என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒருத்தி அடிக்கடி வராமல் விட்டால் எந்த நாட்களில் வராமல் விடுகிறாள் என்று பாருங்கள். எங்கள் வகுப்பில் அந்தக் கணக்கைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்காமாருக்கும் ஒன்று. இப்போது நம் தொகுதிகள் எல்லாம் வட்ஸ்அப் குழுக்களில் இருக்கின்றன. அங்கே முகமே இல்லை. பார்த்துவிட்டுப் பதில் போடாத நீலச் சரி அடையாளத்தை நோயுற்ற மனம் எப்படி வாசிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குழுவில் திடீரென்று மௌனமானவளுக்கு ஓர் அழைப்பு எடுங்கள். வாழ வெறுப்பாக இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தேவைப்பட்டால் அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நிறைவாக எங்கள் தோழி. கலியாண வீட்டில் சந்தித்த பின் அவள் சிகிச்சைக்குச் சென்றாள். இப்போது ஊரில் உள்ள முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். "சின்னப் பிள்ளையளின்ர முகம் பயமில்லை, அதுகள் நினைக்கிறது அப்பிடியே தெரியும்" என்கிறாள். இந்த உரையின் எழுத்துப் பிரதியை அவளுக்கு அனுப்பினோம். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: மூன்றாம் வரிசையில்லை, நான்காம் வரிசையாம். யார் யார் எந்த இடத்தில் நின்றோம் என்று இடமிருந்து வலமாகப் பெயர் சொன்னாள். எங்களுக்குக் குருவி மட்டுந்தான் ஞாபகம். மேலே 'மூன்றாம்' என்பதை அப்படியே விட்டிருக்கிறோம், எங்கள் ஞாபகம் எவ்வளவு என்பது தெரியட்டும் என்று.

இன்றைய விழாவுக்கு அவளை அழைத்தோம். இந்தமுறை வரவில்லை, அடுத்தமுறை பார்ப்போம் என்றாள். அவள் சார்பில் அல்ல, நான்காம் வரிசையில் நின்ற எங்கள் எல்லார் சார்பிலும், இந்த மண்டபத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் நீ இறங்கிப் போனபோது உன்னைப் பார்க்கவும் இல்லை.

நூறு ஆண்டுகளாக எத்தனையோ ஆயிரம் முகங்களைக் கண்ட எங்கள் கல்லூரி மேலும் பல்லாண்டு வாழ்க.